கழித்துவிட்ட நாலு டிகிரி

இன்னும் கரண்ட்டே கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் படலம் மேசையைவிட ஒன்றரை டிகிரி சூடாக இருப்பதாக மீட்டர் காட்டியது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடமாக இதே அடித்தள அறையில், ஜன்னலே இல்லாத இதே நாலு சுவருக்குள், காலையா சாயங்காலமா என்று சொல்லத் தெரியாத இதே குழல்விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து மெல்லிய படலங்கள் சூட்டை எப்படிக் கடத்துகின்றன என்று அளந்துகொண்டிருப்பவளுக்கு, மீட்டர் செய்கிற சேட்டை எல்லாமே அத்துப்படி. ஒயர் லூசாக இருக்கும். இல்லாவிட்டால் யாராவது புண்ணியவான் சூடான காபிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்து எடுத்திருப்பான். அவள் ஒயரைக் கழற்றி மாட்டினாள், மேசையைத் தடவிப் பார்த்தாள், ஏசி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அறை இருபத்திரண்டு, மேசை இருபத்திரண்டு. படலம் மட்டும் இருபத்து மூன்றரை.

வேலையைச் சொன்னால் சுலபம் போலத்தான் இருக்கும். கண்ணாடித் தகட்டில் படலத்தை ஒட்டி, அதன்மேல் மயிரிழை அகலத்துக்கு ஒரு தங்கக் கோடு போட்டு மாடியிலிருந்து அனுப்புவார்கள். கோட்டில் கரண்ட் விட்டால் கோடு சூடாகும், சூடு படலத்துக்குள் இறங்கி அடுத்த பக்கம் போகும். எவ்வளவு போகிறது, எத்தனை வேகமாகப் போகிறது, இந்த இரண்டு எண்களையும் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டால் அவள் கடமை முடிந்தது. கம்ப்யூட்டருக்குள் வைக்கிற படலம், கண்ணாடிக் கதவில் ஒட்டுகிற படலம் என்று எத்தனையோ அவள் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. இன்றைக்கு வந்திருப்பது தீக்காயத்தின்மேல் போர்த்துகிற படலம். ஏதோ மிருகத்தின் தோலிலிருந்து புரதத்தைப் பிரித்து, கரைத்து, கழுவி, தட்டில் ஊற்றிக் காயவைத்தது. உயிருள்ள எதுவும் இதில் மிச்சமில்லை என்று பெட்டியின்மேலேயே அச்சடித்திருந்தார்கள். காயத்துக்குள் தங்கிய சூட்டை அது எவ்வளவு சீக்கிரம் வெளியே விடுகிறது என்று அவள் சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

முதல் ஆறு நோயாளிகள் பட்டியலில் அவள் தம்பியின் பேர் மூன்றாவதாக இருந்தது. மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சேர்த்த பேர்.

ஆறு வாரத்துக்கு முன்னால் பாய்லர் அறையில் குழாய் வெடித்து, நீராவி அவன் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அவித்துவிட்டது. அவித்துவிட்டது என்பது டாக்டர் சொன்ன வார்த்தை இல்லை, அவளுடையது. அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவன், கட்டிலின் தலைமாட்டில் இருக்கிற ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, குப்புறத்தான் கிடக்கிறான்.

அவளுக்குப் பிறவியிலேயே அருவருப்பு ஜாஸ்தி. சோப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தால் அன்றைக்குக் குளித்த மாதிரிதான். சின்ன வயதில் தம்பி மூக்கைத் துடைத்த கையால் பென்சிலைத் தொட்டால் குழாயடிக்கு ஓடுவாள். அவனும் விடுவானா, எச்சில் விரலை நீட்டிக்கொண்டு வீடு முழுக்கத் துரத்துவான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு ஒருத்தருக்கு ஒருத்தர் என்று மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான். அப்பேர்ப்பட்ட தம்பிக்குப் பக்கத்தில் போக அவளால் முடியவில்லை. கட்டு பிரிக்கும்போது வருகிற அந்தத் தித்திப்பும் அழுகலும் கலந்த வாடை, பஞ்சோடு சேர்ந்து உரிந்து வருகிற மஞ்சள் ஜவ்வு, எல்லாம் கண்ணில் பட்ட மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். தினமும் சாயங்காலம் போவாள், கால்மாட்டில் நிற்பாள், கைக்குட்டையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவாள். அவன் தெரியாதது போல இருந்தான். அதுதான் அவளைத் தின்றது. இந்தப் படலம் வந்து அந்த முதுகை மூடிவிட்டால் போதும், மனுஷி மாதிரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

படலம் கண்ணாடியில் சமமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் எல்லோரும் செய்வார்கள். மாஸ்க்கை இறக்கி, வாயை அகலத் திறந்து, தகட்டின்மேல் ஹா என்று ஒரு மூச்சு விட வேண்டும். ஆவி ஒரே சீராகப் படிந்து உடனே மறைந்தால் படலம் நல்ல படலம். திட்டுத் திட்டாகப் படிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அவள் ஊதினாள். ஆவி சீராகத்தான் படிந்தது. ஆனால் மறையவில்லை. கண்ணெதிரே அது பொடிப்பொடித் துளிகளாகத் திரண்டது, ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில், வெயிலில் நடந்து வந்தவன் மேலுதட்டில் அரும்புகிற வேர்வை மாதிரி. பிறகு அந்தத் துளிகள் உள்ளே இறங்கின. இறங்கின பின்னால் ஒரு வாடை மெல்ல எழுந்து அவள் முகத்துக்கு வந்தது. நாள் முழுக்கக் கட்டியிருந்த வாட்சைக் கழற்றினால் வாருக்குக் கீழே ஒரு வாடை இருக்குமே, அது. உப்பும் அழுக்கும் கொஞ்சம் புளிப்பும்.

"சீ!" என்று மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றினாள்.

மேலே படலம் தயாரிக்கிறவருக்கு போன் போட்டாள். முன்பு மேசை நாற்காலிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தவர் என்பதால் அந்த மனுஷனுக்கு வார்னிஷ் என்றே பேர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் பெருமைதான். இரண்டு படி ஒரு படியாக இறங்கி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"என்ன தங்கச்சி, அதுக்குள்ள குத்தம் கண்டுபிடிச்சுட்டியா?"

"அண்ணே, இத ஒழுங்கா கழுவினீங்களா? நாத்தம் அடிக்குது."

"மூணு தண்ணி கழுவிருக்கேன். என் சட்டையைக்கூட நான் இப்படித் துவைச்சதில்ல."

"சூடாவும் இருக்கு."

"ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சூடுங்கிற. நாங்க மேல வெந்து சாகுறோம்." சிரித்துவிட்டுப் பையை மேசைமேல் வைத்தார். "ஆனா ஒண்ணு, பசை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு போல. வெட்டி மிச்சமான துண்டையெல்லாம் நேத்து குப்பைக் கூடையில போட்டேன். காலையில பார்த்தா எல்லாம் ஒட்டி ஒரே துண்டா வருது. இங்க பாரேன்."

பைக்குள் அது பாலாடை மாதிரி சுருண்டு கிடந்தது. இருபது முப்பது துண்டு சேர்ந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது, எங்கேயும் ஒட்டின தடமே இல்லை. அவர் பையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பையின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தது. படலத்தின்மேல் மெல்லிசாக, வெளுப்பாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பச்சைக் குழந்தையின் நெற்றியில் இருக்கிற பூனைமுடி போல என்னவோ தெரிந்தது.

"இது என்னண்ணே?"

"தூசி. கூடையில கிடந்ததுல்ல."

"தூசி இப்படி வரிசையாவா படியும்?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும்மா, தெரிஞ்ச கதைதானே. சென்சார் பழசாயிடுச்சு, ஜீரோ பண்ணிட்டு வேலையப் பாரு. தம்பி காத்துக்கிட்டிருக்கான்." பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அதைக் கக்கத்தில் வைத்ததைப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஜீரோ பண்ணுவது என்பது இங்கே அன்றாடம் நடக்கிற காரியம்தான். கரண்ட் விடுவதற்கு முன்னாலேயே மீட்டர் எதையாவது காட்டினால் அது கருவியின் பிழை. அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு மேலே அளக்க வேண்டும். ஆனால் அரை டிகிரி வரைக்கும்தான் அப்படிச் செய்யலாம். அதற்கு மேல் போனால் நிறுத்து, காரணத்தைக் கண்டுபிடி, கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போடாதே. சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியவளே அவள்தான்.

அளந்துதான் பார்ப்போமே என்று முதல் துடிப்பு கரண்ட் விட்டாள். கோடு சூடாயிற்று, ஆறத் தொடங்கியது. ஆறுகிற வேகத்தைத் திரை கோடு போட்டுக் காட்டும். எந்தப் படலமாக இருந்தாலும் அந்தக் கோடு வழுக்குமரம் போல வழவழவென்று இறங்கும். இது அப்படி இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கியது, ஒரு மேடு, மறுபடி இறங்கியது, மறுபடி ஒரு மேடு. நாலு வினாடிக்கு ஒரு மேடு. கண்ணைத் திரையில் வைத்தபடியே அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ண எண்ண, தான் மூச்சு விடுவதும் அதே கணக்கில் இருப்பது தெரிந்தது. வேண்டுமென்றே மூச்சை அடக்கினாள். மேடு நிற்கவில்லை. நாலு வினாடி. நாலு வினாடி. யாரோ நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி.

மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்துக் குனிந்தாள். தங்கக் கோட்டின் இரண்டு பக்கமும் பொடிப்பொடிக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஈரம் மினுங்கியது. இரண்டாவது துடிப்பைக் கொடுத்தாள். சூடு பட்டதும் குழிகளைச் சுற்றிப் படலம் சின்னச் சின்ன மேடாக எழும்பியது. குளிர்காற்று பட்டால் கையில் எழும்புமே, அப்படியே அதுதான். மூன்றாவது துடிப்புக்கு விரலைப் பட்டன்மேல் கொண்டுபோனாள். இன்னும் அழுத்தவில்லை. அதற்குள்ளேயே கோட்டுக்குக் கீழே படலம் வெடுக்கென்று சுருங்கி விலகியது.

அவள் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, விழுங்கவும் பிடிக்கவில்லை, துப்பவும் இடமில்லை. மீட்டரைப் பார்த்தாள். படலம் இப்போது மேசையைவிட நாலு டிகிரி சூடு. அவள் கொடுத்த சூடு இல்லை. அதுவாகவே.

போன் அடித்தது. மேனேஜர்.

"ஏம்மா, நம்பர் வந்துச்சா? வண்டி வாசல்ல நிக்குது."

"சார், சாம்பிள் தானாவே சூடா இருக்கு சார். நாலு டிகிரி. எனக்கு என்னவோ..."

"என்னவோன்னா? நிறுத்திடட்டுமா? நிறுத்தினா மறுபடியும் முதல்ல இருந்து. குறைஞ்சது ஆறு வாரம்." அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உன் கையெழுத்து, உன் முடிவு. ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கிற யாருக்கும் ஆறு வாரம் இல்லைன்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்."

தெரியும். புண் திறந்தே கிடந்தால் இன்னும் பதினைந்து நாள் தாங்குவதே பெரிது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். அதோடு அவளுக்கு இன்னொன்றும் தெரியும், அதை அவள் டாக்டரிடமும் சொல்ல மாட்டாள், சாமியிடமும் சொல்ல மாட்டாள்: இன்னும் ஆறு வாரம் அந்தக் கால்மாட்டில் அந்த வாடையோடு நிற்க அவளால் முடியாது.

ஜீரோ பட்டனை அழுத்தினாள்.

நாலு டிகிரி போன இடம் தெரியவில்லை. மேடுகளையெல்லாம் சராசரி எடுக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள், கோடு வழவழவென்று ஆகிவிட்டது. வந்த எண்கள் இரண்டும் அருமையான எண்கள். ஒன்பது வருடத்தில் இத்தனை நேர்த்தியாகச் சூடு கடத்துகிற படலத்தை அவள் பார்த்ததே இல்லை. 'ஆரம்பப் பிழை நாலு டிகிரி, கழிக்கப்பட்டது' என்று நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தகட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு கை கழுவப் போனாள். விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போகிற வரைக்கும் கழுவினாள்.

சாம்பிள் தகடு மேசையிலேயே இருந்தது; மாடியிலிருந்து வண்டியில் போன பெரிய படலத்தை மறுநாள் தம்பியின் முதுகில் போட்டார்கள். கிருமி தொற்றிவிடக் கூடாது என்று மூன்று நாளைக்கு யாரையும் உள்ளே விடவில்லை. அவள் வேளைக்கு ஒரு போன் போட்டு நர்ஸம்மாவின் உயிரை வாங்கினாள். நர்ஸம்மா நல்ல மனுஷி, சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னாள். முதல் நாள், வலி குறைந்திருக்கிறது. இரண்டாம் நாள், வாடையே இல்லை. மூன்றாம் நாள், முதுகு குழந்தை முதுகு மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள். அவள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். தப்பு செய்யவில்லை, தப்பே செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலாவது நாள் பார்க்கப் போகலாம் என்று அனுமதி. அரை நாள் வேலையை முடித்துவிட்டு மத்தியானம் கிளம்பலாம் என்று காலையில், மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த அடித்தள அறையைத் திறந்தாள்.

வாடை முதலில் வந்து நின்றது. வாட்ச் வார் வாடைதான், ஆனால் இப்போது அறை முழுக்க, ஒரு கூட்டம் படுத்து எழுந்து போன ஹால் மாதிரி. மேசைமேல் பெட்டி மூடித்தான் இருந்தது. திறந்து பார்த்தாள். கண்ணாடித் தகடு துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. படலம் இல்லை. மூடியின் ஓரத்தில், காகிதம்கூட நுழையாத இடுக்கில், ஈரமாக ஒரு கோடு. அந்த ஈரம் மேசையைக் கடந்து, ஒயரை ஒட்டியே போய், மீட்டருக்குப் பின்பக்கம் மறைந்தது.

மீட்டரின் பின்பக்கத்தில் உள்சூடு வெளியேறுகிற சல்லடைத் துளைகள் உண்டு. அறையில் இருப்பதிலேயே கதகதப்பான இடம் அதுதான். அவள் எட்டிப் பார்த்தாள்.

சல்லடை முழுவதையும் மூடி அது படர்ந்திருந்தது. நகமளவு இருந்தது இப்போது உள்ளங்கை அகலத்துக்கு. வெளுத்த ரோஸ் நிறம். உள்ளே தங்கக் கோடு நரம்பு மாதிரி வளைந்து கிடந்தது. மேலே பூனைமுடி. அது மெல்ல உப்பியது, அடங்கியது. உப்பியது, அடங்கியது.

இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது நீண்டு வந்தது, வந்து கையுறையில் ஒட்டிக்கொண்டது, கையுறை வழியாகவே விரலில் சூடு தெரிந்தது. உதறினாள். போகவில்லை. விரலைத் தேடி ஊர்ந்து மேலே ஏறியது. கையுறையோடு கழற்றி எறிந்துவிட்டு, வாஷ்பேசின் வரைக்கும்கூடப் போக முடியாமல் தரையிலேயே வாந்தி எடுத்தாள். சூடு இருக்கிற இடத்துக்குப் போகிறது. சூடு கொடுக்கிற பொருள் இல்லை இது, குடிக்கிற பொருள். அவள் கழித்துவிட்ட நாலு டிகிரி அவள் ஊதின மூச்சு, குழல்விளக்கு, மைக்ராஸ்கோப் பல்பு என்று கிடைத்ததையெல்லாம் குடித்து அது சேர்த்து வைத்த சூடு. இப்போது ஒரு மனுஷனின் முழு முதுகின்மேல் மூன்று நாளாக.

படியேறிக்கொண்டே நர்ஸம்மாவுக்கு போன் போட்டாள்.

"என் தம்பி எப்படி இருக்கான்? உண்மையைச் சொல்லுங்க."

"ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க? ஜம்முனு இருக்காரு. முந்தியெல்லாம் பேசினா கீழ இருந்து முணுமுணுன்னு கேக்கும், நான்தான் குனிஞ்சு காதைக் கொடுக்கணும். நேத்துல இருந்து கணீர்னு கேக்குது. சிரிச்சு சிரிச்சுப் பேசுறாரு. சாப்பாடுதான் வேண்டாங்கிறாரு, ட்ரிப்ஸ் ஏறுது, பயமில்ல."

வார்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. நல்ல வெயில். நீள நடை, கழுவின தரை, ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் மட்டும் எங்கேயோ கிறீச்சிட்டது. தம்பியின் அறைக்கதவை உடம்பால் தள்ளித் திறந்தாள்.

ஜன்னல் வெளிச்சம் நேராக அவன் முதுகில் விழுந்திருந்தது. குப்புறப் படுத்திருந்தான், முகம் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிற வட்ட ஓட்டைக்குள் புதைந்திருந்தது. முதுகில் புண் இல்லை. கட்டு இல்லை. மஞ்சள் இல்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சீராக, வழவழப்பாக, லேசான ரோஸ் நிறத்தில். வாடை துளிக்கூட இல்லை.

"அக்காவா? வா வா," என்றது குரல். கணீரென்று.

ஓடி வந்தவள் அந்தக் குரலைக் கேட்டதும் கால்மாட்டிலேயே நின்றாள். ஒருவேளை இது வேறு மாதிரியோ என்று தோன்றியது. மனுஷ உடம்பில் போட்டால் இது நல்லதுதான் செய்யுமோ. அவன் பேசுகிறானே. சிரிக்கிறானே. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவள் கால்மாட்டைத் தாண்டிப் போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள், இழுத்தாள், மறுபடி நீட்டி அவன் முதுகில் வைத்தாள்.

கதகதவென்று இருந்தது. மெத்தென்று இருந்தது. அருவருப்பே வரவில்லை.

"என்னை மன்னிச்சுடுடா," என்று அழுதாள். "நான் உன் பக்கத்துலயே வரல."

"அதெல்லாம் பரவாயில்லக்கா. இப்பதான் வந்துட்டியே."

இன்னொரு கையால் கட்டிலுக்கு வெளியே தொங்கின அவன் கையைப் பிடித்தாள்.

அது ஜில்லென்று இருந்தது.

ஜுரம் விட்ட ஜில்லிப்பு இல்லை. ஸ்டீல் கட்டிலின் ஜில்லிப்பு. நகமெல்லாம் நீலம். பதறிப்போய்க் காதைத் தொட்டாள். ஜில். காலைத் தொட்டாள். ஜில். முதுகு மட்டும் அடுப்புக் கல் மாதிரி. கழுத்தைப் பார்த்தாள். படலத்துக்கு ஓரம் என்று ஒன்று இருக்க வேண்டும், வெட்டிப் போட்ட ஓரம். நகத்தால் தேடினாள். இல்லை. தலைமுடிக்குள் போயிருந்தது. காதுக்குப் பின்னால் போயிருந்தது. தாடையைச் சுற்றிக் கீழே போயிருந்தது.

கீழே.

முதுகில் இருந்த கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். உள்ளங்கைத் தோல்தான் நீண்டது. கைக்குக் கீழே அது மெல்லச் சிலிர்த்தது.

"எங்கக்கா போற?"

ஒரு கை மேலே மாட்டியிருக்க, அவள் சரிந்து தரையில் மண்டி போட்டாள். கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, அண்ணாந்து, அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

தம்பியின் முகம். அதன்மேல் படலம், இழுத்துக் கட்டினது போல. நெற்றியில், மூக்கின்மேல், வாயின்மேல். உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக் கிடந்தன. அசையவில்லை.

"வலிக்குதாடா?" என்று கேட்டாள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"வலியா? வலியே இல்லக்கா," என்றது குரல். மேலே இருந்து. முதுகிலிருந்து. அவள் உள்ளங்கை அதிர்ந்தது. "ரொம்ப சுகமா இருக்கு."

கீழே, படலத்துக்குப் பின்னால், தம்பியின் கண்கள் திறந்திருந்தன. அழுத கண்ணீர் வடிய வழியில்லாமல் படலத்துக்குள்ளேயே தேங்கி நின்றது. அந்தத் தண்ணீருக்குள் அவன் கண்மணிகள் அக்காவைப் பார்த்தன. பார்த்து, இடமும் வலமுமாக, இடமும் வலமுமாக, நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தன.